வயதான நாய்க்குச் சிறுநீரில் ரத்தம்: பிராஃப் மரபணுச் சோதனை செய்யலாமா?

சிட்டு_வீடு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சிட்டு பீகிள், பெண், வயது 10, கருத்தடை ஆனவள். கொஞ்ச காலமாகவே சிறுநீர் கழிக்க அடிக்கடி உட்கார்கிறாள். உட்கார்ந்தால் நாலு சொட்டு. இரண்டடி தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்தால் இன்னும் இரண்டு சொட்டு. அந்தக் கடைசிச் சொட்டு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிறிய தரையில் விழுந்ததால்தான் கண்ணில் பட்டது, மண்ணில் போயிருந்தால் தெரிந்தே இருக்காது.

டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. மருந்து முடிந்து சில வாரங்களில் திரும்பி வந்தது. வேறு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தோம், மறுபடியும் அதே கதை. இப்போது ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பக்கம் சுவர் தடித்து, உள்பக்கமாக ஏதோ வளர்ந்திருப்பதாகத் தெரிகிறது. புற்றுநோயாக இருக்கலாம், சிறுநீரை அனுப்பி ஒரு மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்கிறார்.

எனக்கு இரண்டு குழப்பம். மரபணுச் சோதனை என்றால் பரம்பரை நோய்க்குத்தானே செய்வார்கள்? சிட்டு போட்ட குட்டி ஒன்று என் தங்கை வீட்டில் வளர்கிறது. சிட்டுவுக்கு வந்தால் அதற்கும் வரும் என்று அர்த்தமா? அப்புறம், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமருந்து

சகோதரி, நான் கால்நடை மருத்துவன். சிட்டுவை நேரில் பார்க்காமல் அவளுக்கு இன்னது என்று சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊசி விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம். வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி அந்தக் கட்டியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டாம். இந்தக் கட்டியின் செல்கள் எளிதில் உதிரக்கூடியவை. ஊசி வெளியே வரும் வழியில் ஒட்டிக்கொண்டு வயிற்றுச் சுவரிலேயே புதிதாக வளர்ந்த நாய்கள் உண்டு. இதே காரணத்துக்காக, புற்றுநோய் என்று சந்தேகம் வந்துவிட்டால் ஊசி போட்டுச் சிறுநீர் உறிஞ்சுவதையும் தவிர்ப்போம். சாதாரணத் தொற்றுக்கு கல்ச்சர் செய்ய, அதாவது பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்க, அதுதான் சிறந்த முறை, ஆனால் இங்கே அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. திசு வேண்டுமென்றால் சிறுநீர்ப் பாதை வழியாகவே கேமராக் குழாயை அனுப்பி எடுக்கலாம், இல்லாவிட்டால் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக எடுக்கலாம். முதலாவதற்கு மயக்க மருந்து வேண்டும்.

இனி நோய். நாய்க்குச் சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோயில் பெரும்பாலானது யூரோதீலியல் கார்சினோமா. பழைய பெயர் டிரான்சிஷனல் செல் கார்சினோமா, அதனால் ரிப்போர்ட்டில் டிசிசி என்று எழுதியிருந்தாலும் அது இதேதான். ஆண் நாயைவிடப் பெண் நாய்க்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் 9, 10 வயதுக்கு மேல். ஸ்காட்டிஷ் டெரியருக்கு மற்ற நாய்களைவிட ஏறக்குறைய 20 மடங்கு அபாயம். வெஸ்ட் ஹைலேண்ட் வைட் டெரியர், ஷெட்லாண்ட் ஷீப்டாக், வயர் ஃபாக்ஸ் டெரியர், உங்கள் பீகிள் எல்லாம் அடுத்த வரிசையில் வரும்.

கட்டி வளரும் இடம்தான் பெரிய தொல்லை. சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களும் சிறுநீர்ப்பைக்குள் நுழைகிற இடத்துக்கும், சிறுநீர் வெளியேறும் வாய்க்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில்தான் அடிக்கடி வருகிறது. அதை வெட்டி எடுத்தால் குழாய்களும் வாயும் சேர்ந்து போய்விடும், அதனால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் சாத்தியமில்லை. வளரவிட்டால் வாயை அடைக்கும்.

ஆன்டிபயாடிக் ஏன் முதலில் கேட்டது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். கட்டி இருக்கிற சிறுநீர்ப்பையில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்தே வரும். மருந்து அந்தத் தொற்றைக் குறைக்கும், எரிச்சல் தணியும், நாய் தெளிவாகிவிட்ட மாதிரி இருக்கும். அடியில் கட்டி அப்படியே இருக்கும். வயதான பெண் நாய்க்கு, அதிலும் இந்த இனங்களுக்கு, தொற்று இரண்டாம் தடவை திரும்பினாலே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துளித்துளி

மூலக்கூறு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பரம்பரைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தங்கை வீட்டுக் குட்டியை நினைத்து இந்தச் சோதனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்புகிறோமே, அந்தச் சோதனை வேறு. நாய் பிறக்கும்போதே உடம்பு முழுவதும் உள்ள மரபணுவை அது படிக்கிறது. இங்கே தேடுவது அதையல்ல. நாய் வாழ்ந்துகொண்டிருக்கும்போது சிறுநீர்ப்பையில் ஏதோ ஒரு செல்லில் புதிதாக ஏற்பட்டு, அந்தச் செல் பெருகிய கட்டியில் மட்டும் இருக்கிற மாற்றம். ரத்தத்தில், எச்சிலில், சினைமுட்டையில் அது இருக்காது. குட்டிக்குப் போகவும் போகாது. சில இனங்களுக்கு அபாயம் பரம்பரையாக வருவது உண்மை, ஆனால் அதற்குக் காரணமான மரபணுக்கள் வேறு.

மாற்றம் நடப்பது பிராஃப் என்ற மரபணுவில். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து, டி இருந்த இடத்தில் ஏ வந்துவிடுகிறது. அதனால் புரதத்தின் 595ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமிக் அமிலம் உட்காருகிறது. ரிப்போர்ட்டில் வி595இ என்று எழுதுவது இதைத்தான். செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞைத் தொடரில் இந்தப் புரதம் ஒரு கண்ணி. வேண்டும்போது மட்டும் இயங்க வேண்டியது, அழுத்திய விசை மேலே எழாமல் சிக்கிக்கொண்ட மாதிரி இயங்கிக்கொண்டே இருக்கும். மனிதரில் இதற்கு நேரானது வி600இ. மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் தைராய்டு புற்றுநோயிலும் பல வருடங்களாகத் தெரிந்த மாற்றம் அது. ஆச்சரியம் என்னவென்றால் மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அது அபூர்வம், நாயின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சுமார் 85 சதவீதத்தில் இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன: தேசிய மனித மரபணுத்தொகை ஆய்வு நிறுவனத்தில் எலைன் ஆஸ்ட்ராண்டர் குழு, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிரீன் குழு. பிரீன் ஆய்வகத்தின் வேலையிலிருந்து வந்ததுதான் கேடட் பிராஃப் என்ற பெயரில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், சிறுநீரில் உதிர்ந்திருக்கும் செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்தத் திரவத்தை எண்ணெயில் சுமார் 20,000 நுண்துளிகளாக உடைக்கிறார்கள். ஒவ்வொரு துளிக்குள்ளும் தனித்தனியாக பிசிஆர், அதாவது டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் வேலை, நடக்கும். இயல்பான பிரதி இருக்கும் துளி ஒரு நிறத்தில் ஒளிரும், மாறிய பிரதி இருக்கும் துளி இன்னொரு நிறத்தில் ஒளிரும், காலித் துளி இருட்டாகவே இருக்கும். கருவி ஒவ்வொன்றாக எண்ணும். மொத்தமாக ஒரே குழாயில் செய்திருந்தால் ஆயிரக்கணக்கான இயல்பான பிரதிகளுக்கு நடுவே நாலைந்து மாறிய பிரதிகள் அமுங்கிப் போயிருக்கும். துளியாகப் பிரிப்பதால் அவை தனியாகத் தெரிகின்றன. திரையில் பார்க்கும்போது கீழே புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும், மேலே விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள் மட்டும் ஒதுங்கி நிற்கும். அந்தச் சிலதுதான் பதில்.

நேர்ப்பேச்சு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் ஷெல்டி (ஷெட்லாண்ட் ஷீப்டாக்) இதே நோயில்தான் போனான். பாசிட்டிவ் என்று தெரிந்தால் என்ன செய்யப் போகிறோம்? அறுவை சிகிச்சை முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஸ்கேனில் கட்டி தெரிகிறது, இனம் பொருந்துகிறது, வயது பொருந்துகிறது. பேசாமல் மருந்தை ஆரம்பித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. சிறுநீரை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்கள் நாய்க்கு நஷ்டம், வீட்டில் இருப்பவர்களுக்கு நரகம். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

ஊசிமருந்து

உங்கள் வருத்தம் புரிகிறது, நண்பரே. ஆனால் ஸ்கேனில் தெரிவதெல்லாம் புற்றுநோய் கிடையாது. நீண்ட நாள் தொற்றினால் சிறுநீர்ப்பையின் உள்சுவர் முண்டு முண்டாக வளரும், பாலிப்பாய்டு சிஸ்டைட்டிஸ் என்போம். ஸ்கேனில் இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவசாலிக்கே கஷ்டம். அது புற்றுநோய் இல்லை, குணமாகும். அந்த நாயைப் புற்றுநோய் என்று முடிவுகட்டிவிட்டால் எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசியுங்கள். நோயே உறுதியாகாமல் கீமோதெரபியைத் தொடங்க எந்த டாக்டரும் தயங்குவார்.

இந்தச் சோதனையின் பலமே அங்கேதான். சிறுநீரில் ரத்தம் இருந்தாலும் பாக்டீரியா இருந்தாலும் முடிவு கெடாது. முன்பு பிடிஏ என்று ஒரு சோதனை இருந்தது, கட்டி விடும் புரதத்தைத் தேடுவது. ரத்தமோ தொற்றோ இருந்தால் அதுவும் பாசிட்டிவ் காட்டிவிடும். சந்தேகத்தோடு வருகிற நாய்க்கு எப்படியும் இரண்டில் ஒன்று இருக்கும், அப்புறம் அதை எங்கே நம்புவது? பிராஃப் மாற்றம் வெறும் அழற்சியிலோ பாலிப்பிலோ வருவதில்லை. அதனால் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம்.

துளித்துளி

நெகட்டிவ் வந்தால்தான் கவனம் வேண்டும். 85 சதவீதக் கட்டிகளில்தான் மாற்றம் உண்டு என்றால் மீதி 15 சதவீதக் கட்டிகள் இந்தச் சோதனைக்குக் கண்ணிலேயே படாது. நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புற்றுநோய் இல்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அந்த நாய்களுக்கு இரண்டாம் கட்டச் சோதனை ஒன்று இருக்கிறது, பிராஃப் பிளஸ் என்பார்கள். இந்தக் கட்டிகளில் 13ஆம், 36ஆம் குரோமோசோம்களின் பிரதிகள் கூடியிருக்கும், 19ஆம் குரோமோசோம் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வு சிறுநீரிலிருக்கும் செல்களில் தெரிகிறதா என்று பார்ப்பது. இரண்டையும் சேர்த்தால் தவறவிடுவது மிகவும் குறைந்துவிடுகிறது.

தென்றல்_77

இடையில் ஒரு சந்தேகம். எங்களுடையது ஆண் நாய், கருத்தடை ஆனது, வயது 11. இதே மாதிரி முக்கிக்கொண்டு போகிறான். இந்தச் சோதனை அவனுக்கும் பொருந்துமா?

ஊசிமருந்து

பொருந்தும், ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண் நாயின் புராஸ்டேட் புற்றுநோயிலும் இதே மாற்றம் அடிக்கடி இருக்கிறது. அதனால் பாசிட்டிவ் வந்தால் சிறுநீர்ப்பையா, சிறுநீர்த் தாரையா, புராஸ்டேட்டா என்று சோதனை பிரித்துச் சொல்லாது. ஸ்கேனும் மலக்குடல் வழியாக விரலால் தடவிப் பார்க்கும் பரிசோதனையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கருத்தடை ஆன நாய்க்குப் புராஸ்டேட் சுருங்கியிருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் உடனே கவனியுங்கள்.

முக்கியும் சிறுநீரே வரவில்லை என்றால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். அடைப்பு உயிருக்கே ஆபத்து.

ஸ்காட்டி_குடும்பம்

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஸ்காட்டிஷ் டெரியர்தான், அதனால் இந்த நோய் எங்களுக்கு நெருங்கிய எதிரி. நேர்ப்பேச்சு அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் ஒன்றே: சீக்கிரம் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டெபோரா நாப் என்ற மருத்துவரின் குழு இந்த நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாத, 6 வயதுக்கு மேற்பட்ட 120 ஸ்காட்டிகளை 6 மாதத்துக்கு ஒரு தடவை, 3 வருடம், ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து கவனித்தார்கள். அதில் 32 நாய்களுக்குப் புற்றுநோய் இருந்தது. நாலில் ஒன்றுக்கும் மேல்! வெளியே பார்த்தால் எல்லாம் ஓடி விளையாடிக்கொண்டிருந்த நாய்கள். ரத்தம் தெரிகிற வரை காத்திருப்பது எங்கள் மாதிரி வீடுகளுக்கு ஒத்துவராது என்று அதைப் படித்த அன்றே முடிவு செய்தோம்.

அதே குழு சொன்ன இன்னொரு விஷயம், சிகரெட் புகை படும் வீட்டில் இருந்த ஸ்காட்டிகளுக்கு அபாயம் சுமார் 6 மடங்கு. 2005இல் வந்த பழைய ஆய்வில், வாரம் மூன்று தடவையாவது காய்கறி சாப்பிட்ட ஸ்காட்டிகளுக்கு இந்த நோய் குறைவாக இருந்தது. புல்வெளியில் அடிக்கும் களைக்கொல்லி மீதும் சந்தேகம் உண்டு. இதெல்லாம் தொடர்பு காட்டும் ஆய்வுகள்தான், ஆனால் வீட்டுக்குள் புகைக்காமல் இருக்க இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

நேர்ப்பேச்சு

சரி, உங்கள் இனத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா நாய்க்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனை செய்யச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊசிமருந்து

எனக்கும்தான். அபாயம் குறைந்த இனத்தில், அறிகுறியே இல்லாத இளம் நாய்க்கு இது தேவையில்லை. ஒருவேளை பாசிட்டிவ் வந்து ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே சோதனை காட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். அந்தத் தவிப்பைத் தாங்குவதில் அர்த்தம் இருப்பது அபாயம் அதிகமுள்ள இனங்களுக்குத்தான். சிட்டு மாதிரி அறிகுறியும் ஸ்கேனும் கைகாட்டுகிற நாய்க்கு, கேள்வியே வேண்டாம், செய்யலாம்.

சிட்டு_வீடு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அனுப்பலாம் என்று முடிவு செய்துவிட்டோம். 40 மில்லி வேண்டுமாம். நாலு நாலு சொட்டாகப் போகிறவளிடம் எப்படிப் பிடிப்பது?

ஸ்காட்டி_குடும்பம்

அக்கா, ஆழமில்லாத அகலமான தட்டு ஒன்றை நீளக் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். அவள் உட்கார்ந்ததும் உடனே நீட்டாதீர்கள், நிறுத்திவிடுவாள். முதல் சொட்டு விழுந்த பிறகு பின்பக்கமாக, தரையை ஒட்டி நகர்த்துங்கள். ஒரே தடவையில் பிடிக்க வேண்டியதில்லை, கிட்டோடு வரும் பாட்டிலில் பதப்படுத்தும் மருந்து இருக்கும், பல தடவையாகச் சேர்க்கலாம். எத்தனை நாள் வரை என்று கிட்டின் தாளிலேயே போட்டிருக்கும். அந்த மருந்து நாய் நக்கக் கூடாதது, அதனால் பாட்டிலை நேரடியாக அவளுக்கு அடியில் பிடிக்காமல் தட்டில் பிடித்து ஊற்றுங்கள். காலை முதல் சிறுநீரில் அளவு அதிகம் கிடைக்கும்.

சிட்டு_வீடு

ரிப்போர்ட் வந்துவிட்டது. பாசிட்டிவ். மார்புப் படத்தில் நுரையீரல் தெளிவாக இருக்கிறது, சிறுநீரகங்களும் வீங்கவில்லை. பிராக்ஸிகாம் தொடங்கியிருக்கிறார், கூடவே மைட்டோக்ஸான்ட்ரோன் என்ற கீமோ மருந்தும் கொடுக்கலாமா என்று கேட்கிறார். பிராக்ஸிகாம் வலி மருந்துதானே, அது எப்படிப் புற்றுநோய்க்கு? அப்புறம் அந்த பிராஃப் மாற்றத்தையே அடிக்கிற மாத்திரை மனிதருக்கு இருக்கிறதாமே, அதைக் கொடுக்கக் கூடாதா?

ஊசிமருந்து

வருத்தமாக இருக்கிறது, சகோதரி. ஆனால் பரவாமல் இருப்பதும் சிறுநீரகம் நன்றாக இருப்பதும் நல்ல செய்தி.

பிராக்ஸிகாம் தடுக்கும், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் காக்ஸ் என்சைம் இந்தக் கட்டியில் அதிகமாகச் சுரக்கிறது, அதனால்தான் கேட்கிறது. தனியாகக் கொடுத்தால் ஐந்தில் ஒரு நாய்க்குக் கட்டி சுருங்கும், இன்னும் நிறைய நாய்களுக்கு வளராமல் நிற்கும். மைட்டோக்ஸான்ட்ரோன் சேர்த்தால் சுருங்குவது மூன்றில் ஒன்று என்கிற அளவுக்கு உயர்கிறது. நாய்களுக்குக் கீமோ அளவு குறைவாகத்தான் கொடுப்போம், பெரும்பாலான நாய்கள் நன்றாகத் தாங்குகின்றன. என் நாயாக இருந்தால் சேர்ப்பேன்.

பிராக்ஸிகாமைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், வயிற்றுப் புண் சீக்கிரம் வரும். வேறு வலி மருந்தோ ஸ்டீராய்டோ கூடச் சேரவே கூடாது. சிறுநீரகத்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

மாத்திரை பற்றி: வெமுராஃபெனிப் என்ற மருந்தை பர்டியூவில் பிராஃப் மாற்றமுள்ள 24 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். 9 நாய்களுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஆனால் கட்டி வளராமல் இருந்த காலம் சராசரியாக ஆறு மாதம்தான், அதற்குள் பல கட்டிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. தோலில் புதுக் கட்டிகளும் சிலதுக்கு வந்தன. ஜப்பானில் லபாடினிப் என்ற இன்னொரு மருந்தை பிராக்ஸிகாமோடு சேர்த்துக் கொடுத்து, பிராக்ஸிகாம் மட்டும் கொடுத்ததைவிட நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். புற்றுநோய் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்க முடிந்தால் இதைப் பற்றிக் கேளுங்கள். கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்கிற மருந்துகள் அல்ல.

சிட்டு_வீடு

கீமோ முதல் ஊசி போட்டாயிற்று. ஒரு நாள் சோர்வாக இருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள். சொட்டுச் சொட்டாகப் போவது குறைந்திருக்கிறது. கடைசியாக ஒரு கேள்வி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதே மரபணுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டுமா?

துளித்துளி

மாறிய பிரதிகளின் விகிதம் ரிப்போர்ட்டில் கூடிக் குறையும், ஆனால் அன்றைய சிறுநீரில் எத்தனை செல் உதிர்ந்தது, எத்தனை வெள்ளணு கலந்தது என்பதைப் பொறுத்தும் அது மாறும். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்ய மாட்டேன்.

ஊசிமருந்து

ஸ்கேனில் அளப்பதுதான் முறை, நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப்பை ஏறக்குறைய ஒரே அளவு நிரம்பியிருக்க வேண்டும். காலியாக இருந்தால் சுவர் மடிந்து கட்டி பெரிதாகத் தெரியும், நிரம்பியிருந்தால் விரிந்து சிறிதாகத் தெரியும். அதனால் ஸ்கேனுக்கு முன்பு எத்தனை மணி நேரம் சிறுநீர் போகவிடாமல் வைத்திருந்தீர்கள் என்பதை முதல் தடவையே குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த தடவையும் அதையே கடைப்பிடியுங்கள். முடிந்தால் அதே கருவி, அதே ஆள். அடக்க முடியாமல் தவித்தால் மட்டும் விட்டுவிடுங்கள், டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள், கணக்கில் எடுத்துக்கொள்வார்.